சுகப்பிரசவக் குற்றம்

அத்தியாயம் 7

"நாப்பத்தேழு பிள்ளையளும் சுகமா இருக்கு. அதுவா கேஸு?"

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து மூக்காண்டி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். ராஜபாளையம் சாலையில் எதிரே வந்த வைக்கோல் லாரி தன் சுமையில் ஒரு பங்கை அவர் வாய்க்குள் இறக்கிவிட்டுப் போனது. துப்பி முடித்து நாலாவது தடவை கேட்பதற்குள் பெனிட்டா பதில் சொல்லிவிட்டாள்.

"அதான் கேஸு, அண்ணாச்சி. அதுல பாதியாவது சீக்கா பொறந்திருக்கணும்."

"நல்லா இருக்கு மேடம். இனிமே காய்ச்சல் இல்லாதவன் எல்லாம் நம்மகிட்ட வந்து புகார் குடுப்பான்."

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு எதிர் மாடியில் 'பெனிட்டா துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்குகிறது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பெனிட்டா மாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. உயிரோடு இருக்கும் மாட்டுக்கு இழவு கொண்டாடுகிறவர்களையும், செத்த மாட்டின் காதில் அடுத்த வீட்டு மாட்டின் நம்பர் வில்லையை மாட்டுகிறவர்களையும் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த் தனிக்கடை போட்டவள். மூக்காண்டி மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சில்லறை இல்லை என்பவன் முகத்தைப் பார்த்தே அவன் பையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் திறமை இதுவரை ஒரு கேஸிலும் பலிக்கவில்லை.

கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி, சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவே வெள்ளைக் கட்டிடமாக நின்றது தென்பொதிகை ஆய்வகம். டாக்டர் கோமதிசங்கர் வாசலிலேயே காத்திருந்தார். நிர்வாகி, விஞ்ஞானி, அந்தக் கட்டிடத்தின் ஒரே ஏ.சி.க்கு உரிமையாளர். மனிதர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது சட்டைப் பொத்தான்கள் இடம் மாறிக் கிடந்ததிலேயே தெரிந்தது.

"அஞ்சு மணிக்குச் சென்னைக்கு மெயில் போகணும் மேடம். வைரஸை மாத்துனது எங்க லேப் பொண்ணு அபிஷாதான்னு எழுதி வச்சுட்டேன். உங்களுக்கு வேற ஏதாவது தெரிஞ்சா அதுக்குள்ள சொல்லிருங்க."

"முதல்ல நடந்ததைச் சொல்லுங்க டாக்டர். என் கண்டக்டருக்கும் புரியுத மாதிரி."

சொன்னார். ஜிகா என்பது கொசு கொண்டுவரும் வைரஸ். பெரியவர்களுக்கு வந்தால் லேசான காய்ச்சல், உடம்பில் தடிப்பு, ஒரு வாரத்தில் போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் அப்படி லேசில் விடாது. வயிற்றுப் பிள்ளையைத் தேடிப் போகும். தலை சிறுத்துப் பிறக்க வைக்கும். அதற்கு ஒரு புதுத் தடுப்பூசி. தாய்க்குப் போட்டால் பிள்ளை தப்புமா என்று எடுத்த எடுப்பில் மனுஷியிடம் சோதிக்க முடியாது. ஆகவே பதினாறு கினிப்பன்றிகள். எலியாகப் படைக்கலாமா முயலாகப் படைக்கலாமா என்று கடவுள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை நழுவி விழுந்துவிட்ட பிராணி அது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய எட்டு பாட்டில், பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய எட்டு பாட்டில், தாய்க்கு ஒன்று. ஒரு நிறத்தில் தடுப்பூசி, மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எது எதில் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. விடை தடுப்பூசி தயாரித்த சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஒட்டி அனுப்பிய கவருக்குள் இருந்தது. ஊசி போட்டு, சினை பிடிக்கவைத்து, சினைக்காலத்தில் பதினாறுக்கும் ஜிகா வைரஸை ஏற்றினார்கள்.

"நேத்து கவரைப் பிரிச்சோம். சிவப்பு தடுப்பூசி, பச்சை உப்புத் தண்ணி. சிவப்புத் தாய் எட்டும் சுகம். சரி. ஆனா பச்சைத் தாய் எட்டும் சுகம்! ரத்தத்துல வைரஸே இல்ல. குட்டி எல்லாம் மொழுமொழுன்னு ஓடுது. ஏத்துனது வைரஸே இல்ல, தண்ணி. வைரஸ் பெட்டிச் சாவி அபிஷாகிட்ட மட்டும்தான் இருக்கு."

"போலீசுக்குப் போகலையா?"

"போலீஸ் வந்தா பின்னாடியே பேப்பர்காரன் வருவான். கரிவலத்துல ஜிகா வைரஸ் மாயம்னு போட்டான்னா, குருவிகுளம் வரைக்கும் ஒரு வீட்ல ஆள் இருக்காது."

"கொசுவும் இருக்காது டாக்டர்," என்றார் மூக்காண்டி. "ஆள் இல்லாத ஊர்ல அதுக்கு என்ன சோலி?"

அபிஷா உள்ளறையில் இருந்தாள். ராயகிரிக்காரி, இருபத்தேழு வயது. மேஜைமேல் ஒரு குட்டியை வைத்துச் சின்ன நாடாவால் அதன் தலையை அளந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் கூடையில் அளந்து முடித்த குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"எத்தனாவது தடவை அளக்க?" என்று கேட்டாள் பெனிட்டா.

"நாலாவது அக்கா." அபிஷா நிமிரவில்லை. "ஒரு தலையாவது சின்னதா இருக்காதான்னு பாக்கேன். இருந்தா வைரஸ் வேலை செஞ்சிருக்குன்னு ஆயிரும், நான் தப்பிச்சிருவேன். ஒரு குட்டி சீக்கா இருக்கணும்னு காலைலருந்து வேண்டிக்கிட்டு இருக்கேன். எனக்கே என்னை நெனச்சா அருவருப்பா இருக்கு."

மூக்காண்டிக்கு ஏதோ சொல்ல வாய் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்துவிட்டு நிற்கிறவர்களின் முகம் அது. அவர்களிடம் அவர் ஒருநாளும் டிக்கெட் கேட்டதில்லை.

"நீ வைரஸை மாத்துனியா?"

"இல்ல அக்கா. ஏத்துன வைரஸ்ல மிச்சத்தைத் தட்டுல வளர்க்கிற செல்லுமேல விட்டுப் பாத்தேன். மூணே நாள்ல செல்லு எல்லாம் செத்துப்போச்சு. வைரஸ் உசுரோடதான் இருந்துது. டாக்டர்கிட்ட காட்டுனேன். தட்டுல விட்டது வைரஸ், தாய்க்கு ஏத்துனது தண்ணின்னு சொல்லுதாரு. இந்த மெயில் போயிட்டா வைரஸ் திருடின்னு பேரு. அதுக்கப்புறம் ஒரு லேப்ல ஊசி கழுவக்கூட என்னைச் சேக்க மாட்டாவ."

பெனிட்டா குட்டியின் காதைத் தடவிப் பார்த்தாள். பழைய தொழில் புத்தி. பிறகு கோமதிசங்கரின் அறைக்குத் திரும்பி நடந்தாள்.

"டாக்டர், வைரஸ் தண்ணியா இருந்தா எல்லாரும் சுகம். சரிதான். பச்சைத் தாய்க்கும் தடுப்பூசி போயிருந்தாலும் எல்லாரும் சுகம்தான?"

"நடக்காது. சீல் வச்ச பெட்டியில வந்துது. நானே பிரிச்சு எண்ணிப் பாத்து உள்ள வச்சேன். மறுநாள் காலைல நானே எடுத்துக் குடுத்தேன்."

"எதுக்குள்ள வச்சிய?"

டாக்டர் பொத்தான்களைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தவறாகப் போட்டார்.

"அன்னைக்குச் சாயங்காலம் கரண்ட் போயிட்டு மேடம். மருந்து பிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் ரிப்பேர். அதனால..."

"அதனால?"

"கீரை வைக்கிற பிரிட்ஜ்ல வச்சோம். அதுக்கும் பூட்டு உண்டு மேடம்! சாவி இசக்கித்துரைகிட்ட இருக்கும். விலங்கு பராமரிப்பு ஆளு. எட்டாவது படிச்சவன், பாவம். வைரஸ்னா வடகம்மாதிரி என்னமோன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

"ஜிகாவைக் கொத்தமல்லிக்குப் பக்கத்துல வச்ச மொத ஆராய்ச்சி இதுவாத்தான் இருக்கும்," என்றார் மூக்காண்டி.

"வைரஸ் இல்லைய்யா, தடுப்பூசி!"

"அப்ப ரசத்துக்கு ஒண்ணும் ஆகாது."

விலங்கு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று இருவரும் பார்த்தார்கள். ஒரு வரிசைக்கு எட்டுக் கூண்டு, இரண்டு வரிசை. நடுவே இசக்கித்துரை ஒரு வாளியோடு நடந்துவந்தார். ஐம்பது வயதுக்காரர், மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. முதல் கூண்டின் இடது மூலையில் தொடங்கி, பதினாறுக்கும் வரிசை மாறாமல் ஒரே அளவில் கீரை வைத்தார். கடைசிக் கூண்டு வரை போனவர் திரும்பி நின்று, அறை முழுக்கக் கேட்கும்படி, "யாருக்கும் எதும் வேணுமா?" என்றார். பதினாறு தாய்களும் மென்றுகொண்டிருந்தன. திருப்தியோடு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினார்.

"இந்த நடையை நான் பாத்திருக்கேன் மேடம்," என்றார் மூக்காண்டி. "சங்கரன்கோவில்ல எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இந்த ஆளுதான் சாம்பார் வாளி. இருபத்தஞ்சு வருஷம் பந்தி பரிமாறுன மனுஷன்."

வெளியே வந்த இசக்கித்துரை இருவர் கையிலும் கற்கண்டைத் திணித்தார். "நாப்பத்தேழு பேரப்பிள்ளைய பொறந்திருக்கு. ஒண்ணுக்கும் ஒரு கொறையும் இல்ல. ஆனா இங்க உள்ளவங்க மூஞ்சியெல்லாம் ஏன் இழவு வீடு மாதிரி இருக்குன்னுதான் தெரியல. என்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லுததில்ல."

இந்தச் சமயத்தில்தான் மூக்காண்டியின் துப்பறியும் ரத்தம் கொதித்தது. இசக்கித்துரையின் அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே, வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில், கவர் பிரிக்காத ஊசிகள் ஒரு கட்டு. அதை அள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

"இது என்ன வே? பந்தியில ஊசியா பரிமாறுனீரு?"

"ஆட்டுக்கு." இசக்கித்துரை அசரவில்லை. "வீட்ல நாலு ஆடு நிக்குது. எங்க அய்யா கெடை போட்டவரு. ஆட்டுக்கு ஊசி போட எனக்குப் பத்து வயசுலயே தெரியும்."

பெனிட்டா ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் இவள் பேசாமல் நிற்பதைப் பார்த்தால் மூக்காண்டிக்குக் கடுப்பாக வரும். சம்பளம் வாங்குகிற ஆள் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

மணி ஒன்றாகிவிட்டது. சாப்பிடாமல் ஒருவரையும் அனுப்பமாட்டேன் என்று இசக்கித்துரை ஒற்றைக்காலில் நின்றார். ஊழியர்களுக்குச் சமைப்பதும் அவர்தானாம். இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். உப்பு வைத்தார். அப்பளத்துக்கு வந்தபோது தட்டில் முழுசாக ஒன்றும் உடைந்ததில் பாதியும்தான் மிஞ்சியிருந்தன.

"மேடத்துக்குப் பௌர்ணமி, எனக்குப் பிறையா?" என்றார் மூக்காண்டி.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இசக்கித்துரையின் முகம் கறுத்துவிட்டது. முழு அப்பளத்தை எடுத்து விரலால் அளந்து, கால்பங்கு உடைத்து, அதைப் பாதியோடு சேர்த்து, இரண்டு இலையிலும் முக்கால் முக்கால் அப்பளமாக வைத்தார். வைத்துவிட்டுக் குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் பக்கத்தில் ஒரு பொடித் துண்டைக் கூட்டினார்.

அடுத்தது சாம்பார். இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்றில் பருப்பு அடியில் மண்டிக் கெட்டியாகக் கிடந்தது. மற்றது ஆள் முகம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. இசக்கித்துரை இலைப் பக்கம் வராமல் நின்றார். இதை அதில் ஊற்றினார், அதை இதில் ஊற்றினார். அடிவரை கரண்டியை விட்டு நாலு சுற்றுச் சுற்றினார். பிறகுதான் பரிமாற வந்தார்.

பெனிட்டா சோற்றில் கை வைத்தபடியே அந்த வாளிகளைப் பார்த்தாள். பிறகு விருட்டென்று எழுந்தாள்.

"அய்யய்யோ! பந்தியில பாதியில எந்திரிக்காதிய தாயி! என்ன கொறை வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கல அண்ணாச்சி. யாருக்குமே வைக்கல." அவள் எச்சில் கையை உயர்த்திப் பிடித்தபடி வராந்தாவில் ஓடினாள். "அபிஷா! ஊசி போட்ட காலி பாட்டிலெல்லாம் பத்திரமா வச்சிருக்கியா? பதினாறும் எடுத்துக்கிட்டு டாக்டரையும் கூட்டிக்கிட்டு வா!"

மூக்காண்டி தன் முக்கால் அப்பளத்தை வாயில் திணித்துக்கொண்டு பின்னால் ஓடினார். பெரிய உண்மை வெளியாகும் இடத்தில் வெறும் வாயோடு நிற்க அவருக்குப் பிடிக்காது.

பாட்டில்கள் உள்ளறை மேஜைக்கு வந்தன. பெனிட்டா சுத்தமான இடது கையால் ஒரு சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்தாள். பாட்டிலின் அடியில் சுண்ணாம்புபோல வெள்ளைப் படிவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன டாக்டர்?"

"தடுப்பூசியோட சேக்குற அலுமினிய உப்பு. ஆடாம வச்சா அடியில படியும்."

பச்சை ஸ்டிக்கரைப் பிய்த்தாள். அடியில் அதே வெள்ளை. அடுத்த பச்சையிலும் அதேதான்.

"வெறும் உப்புத் தண்ணி இருந்த பாட்டில்ல இது எப்படி வந்துது?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வெள்ளை அப்படியே இருந்தது. வாசலில் கரண்டியோடு வந்து நின்ற இசக்கித்துரையைப் பார்த்துப் பெனிட்டா கேட்டாள்: "அண்ணாச்சி, அன்னைக்குச் சாயங்காலம் கீரை பிரிட்ஜ்ல என்ன பாத்திய?"

இசக்கித்துரை டாக்டரைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். சொல்லக் கூடாத குடும்ப ரகசியத்தைச் சபையில் கேட்டுவிட்ட மாதிரி நெளிந்தார்.

"வேண்டாம் தாயி. டாக்டருக்கு மானக்கேடு."

"எனக்கா?" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க," என்றாள் பெனிட்டா. "சொல்லலன்னா அஞ்சு மணிக்கு இந்த அபிஷாப் பொண்ணுக்கு வேலை போயிரும். வைரஸை மாத்துனது அவதான்னு எழுதியாச்சு."

கரண்டி தரையில் விழுந்தது.

"எதுக்கு? பிள்ளைய எல்லாம் நல்லா இருக்குன்னா? நாப்பத்தேழும் சுகமா பொறந்ததுக்கு ஒரு பொம்பளப்பிள்ளைய வேலையவிட்டு நிறுத்துவியளா? எந்த ஊரு நியாயம் இது?" அவர் குரல் உடைந்தது. "சொல்லுதேன் தாயி. கீரை எடுக்கத் தெறந்தேன். பாட்டிலத் தூக்கி அடியப் பாத்தேன், ஆட்டு மருந்துக்கு அப்படித்தான் பாப்பேன். சிவப்பு எட்டுலயும் மருந்து அடியில மண்டிக் கெடக்கு. பச்சை எட்டும் வெறும் தண்ணி. கம்பெனிக்காரன் குழம்பு பத்தாம, கடைசிப் பந்திக்கு வெந்நிய ஊத்தி அனுப்பிட்டான்னு வெளங்கிட்டு. டாக்டர் ஏமாந்து வாங்கியிருக்காரு."

டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பந்தியில கொறை வந்தா பரிமாறுதவன் சத்தம் போடக்கூடாது. வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு. அவன்தான் பாத்து நெரவணும். ஒரு சிவப்பு, ஒரு பச்சைன்னு சோடி சேத்தேன். புது ஊசி எடுத்தேன். ரெண்டையும் உறிஞ்சி, நல்லாக் குலுக்கி, பாதி இதுல, பாதி அதுலன்னு விட்டேன். ஒரு சொட்டு அங்கன இங்கன போகல. எல்லாம் வாயும் வயிறுமா ஆகப்போற பொம்பளைய. ஒருத்திக்கு மருந்து, பக்கத்து எலைக்காரிக்கு வெறும் தண்ணின்னு வைக்க எனக்குக் கை வருமா?"



"டாக்டர்," என்றார் மூக்காண்டி மெதுவாக, "நம்ம சங்கரன்கோவில்ல சங்கரனும் நாராயணனும் ஒரே ஒடம்புல பாதி பாதியா நிக்காங்க. இங்க வந்து சிவப்பு தனி, பச்சை தனின்னு வச்சா எப்படி?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏழு மாசம்! ஏழு மாச வேலையைச் சாம்பாரா ஆக்கிட்டான்! இன்னைக்கே இவன் வெளிய போகணும்!"

"சார்." அபிஷா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "வைரஸ் நல்ல வைரஸ்தான். பதினாறு தாய்க்கும் பாதி மருந்துதான் போயிருக்கு. பாதி மருந்துலயே எல்லாம் தப்பிச்சிருக்கு, கவனிச்சியளா?"

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அப்போ பாதி டோஸே போதுமா?"

"தோணுது. ஆனா சொல்ல முடியாது. மருந்து போடாதவன்னு காட்ட ஒரு தாய்கூட மிச்சமில்லையே. மறுபடியும் முதல்லருந்து செய்யணும். செஞ்சா நான் செய்வேன். அண்ணாச்சியும் இங்கதான் இருக்கணும். தப்பு அவர்மேல இல்ல. பதினாறு உசுரைப் பாத்துக்கச் சொன்னோமே, எதுக்குன்னு ஒருநாளாவது அவருக்குச் சொன்னோமா?"

டாக்டர் ஒருமுறை அபிஷாவைப் பார்த்தார், ஒருமுறை கணினியைப் பார்த்தார். பிறகு எழுதி வைத்திருந்த மெயிலை அழித்தார். அழித்துவிட்டு, "மன்னிச்சிரும்மா" என்றார். அது அவருக்குப் பழக்கமில்லாத வார்த்தை என்பதால் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அபிஷா தலையாட்டிவிட்டுக் கூடைக்குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்காண்டி தன் கண்ணில் வைக்கோல் தூசி விழுந்துவிட்டதாகப் பொதுவாக அறிவித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு அபிஷா இசக்கித்துரையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாருக்கும் மருந்து போட்டுவிட்டால், காப்பாற்றியது மருந்தா அதிர்ஷ்டமா என்று ஒருநாளும் தெரியாது. தெரியாவிட்டால் ஊரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கும் அந்த ஊசியைப் போட முடியாது. அதனால் எட்டுக்கு மருந்து இல்லாமல் இருக்கத்தான் வேண்டும். அந்த எட்டில் சிலதுக்கு நோவு வரும். குட்டிகளும் தப்பாமல் போகலாம். அவள் அதை மறைக்கவில்லை.

இசக்கித்துரை தரையில் கிடந்த கரண்டியைக் குனிந்து எடுத்துத் துண்டில் துடைத்தார்.

"சரி தாயி. அந்த எட்டு எதுன்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா கை நிக்காது."

"யாருக்குமே தெரியாது அண்ணாச்சி. இந்தத் தடவை பாட்டில் முழுக்கக் கறுப்புத் தாள் சுத்தச் சொல்லிருதேன். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"நல்லது." எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். "மருந்து இல்லாமப் போற அந்த எட்டுக்கும் தெனம் ரெண்டு கேரட்டு கூட வச்சுக்கிடட்டுமா?"

"கூடாது அண்ணாச்சி. எல்லாத்துக்கும் ஒண்ணுபோலத்தான் வைக்கணும். எது அந்த எட்டுன்னும் உங்களுக்குத் தெரியாதுல்லா."

இசக்கித்துரை நிலைப்படியில் நின்றபடி கொஞ்சநேரம் கணக்குப் போட்டார்.

"அப்ப பதினாறுக்கும் ரெண்டு கூட வச்சிருதேன்," என்று சொல்லிவிட்டுக் கேரட் எடுக்கப் போனார்.